எட்டு அங்குல லூரும் எங்கள் ஊர்க் கண்மாயும்

செவ்வாய், காரைக்குடி

மார்ச் விடுமுறைக்கு ஊருக்கு வருகிறேன் என்றதும் சித்தப்பா மகன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அக்கா, அந்தப் பெரிய லூரெல்லாம் எடுத்துட்டு வாங்க." லூர் என்றால் தூண்டிலில் மாட்டும் போலி இரை. சாக்லேட் கேட்கவில்லை, போன் கேட்கவில்லை. கனடாவின் ஒன்டாரியோவில் நான் பிடித்த ஏரி ட்ரவுட் மீன் படங்களை வாட்ஸப்பில் பார்த்ததிலிருந்து அவனுக்கு மீனைவிட அதன் வாயில் தொங்கும் ரப்பர் மீன் மேல்தான் கண்.

எழும்பூரில் பல்லவன் ஏறி, இரவு சாப்பாட்டு நேரத்துக்கெல்லாம் காரைக்குடி வந்து இறங்கிவிட்டேன். ராடு வைத்திருந்த நீளக் குழாயைப் பார்த்து பக்கத்து சீட்டுப் பெரியவர் திருச்சி வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா, பில்லர் டிராயிங்கா?" என்று கேட்டார். தூண்டில் என்றேன். அதற்குப் பிறகு புதுக்கோட்டை தாண்டும் வரை அவர் சின்ன வயதில் பிடித்த கெளுத்திகளின் கதைதான்.

தம்பிக்கு இன்று ராத்திரியே பெட்டியைத் திறந்து காட்ட வேண்டியதாயிற்று. இங்கே படிப்பவர்களுக்கும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், இந்த வாரம் முழுக்க இதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ஸ்விம்பெய்ட் என்பது முழு மீன் உருவத்தில் வார்த்த ரப்பர். வால் நுனியில் தட்டையாக ஒரு துடுப்பு இருக்கும். இழுக்கும்போது அது படபடவென்று அடிக்க, உடம்பும் சேர்ந்து ஆடும். விரல் நீளத்திலிருந்து முழங்கை நீளம் வரை உண்டு. ஏரி ட்ரவுட்டுக்கு நான் போடுவது ஐந்து முதல் எட்டு அங்குலம். வெள்ளை, வெள்ளி, கொஞ்சம் நீலம். முகத்தில் ஒன்றரை அவுன்ஸ், சில சமயம் இரண்டு அவுன்ஸ் ஈயத்தலை.

இவ்வளவு பெரிசு எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். ஏரி ட்ரவுட் குளிர்த் தண்ணீர் மீன். பத்து டிகிரியை ஒட்டிய தண்ணீர்தான் அதற்குச் சுகம். அதனால் கோடை வந்துவிட்டால் மேல்தண்ணீரை விட்டுவிட்டு ஆழத்துக்குப் போய்விடும். மெதுவாக வளரும், பல பத்து வருஷம் வாழும். இவ்வளவு குளிரில் இருக்கும் மீன் ஒவ்வொரு பொடிமீனாகத் துரத்திக்கொண்டிருந்தால் கட்டுப்படியாகாது. ஒரே வேட்டையில் வயிறு நிறைய வேண்டும். சிஸ்கோ என்கிற வெள்ளி மீன் உள்ள ஏரிகளில் அதைத் தின்று ட்ரவுட் பெரிதாகிறது. சிஸ்கோ இல்லாத ஏரிகளில் அதே ட்ரவுட் மிதவைப் பூச்சிகளையும் சின்ன மீன்களையும் தின்று சின்னதாகவே நின்றுவிடுகிறது. கனடாவின் வடக்கே கிரேட் பேர் ஏரியில் 1995ல் பிடித்த 72 பவுண்டு மீன்தான் தூண்டிலில் அதிகாரபூர்வ உலக சாதனை. அதாவது 32 கிலோவுக்கு மேல்.

அடிமட்டம் வரை லூரை இறக்கி, ஒரே வேகத்தில் மேலே சுற்றிக்கொண்டு வர வேண்டும். தண்ணீருக்கு அடியில் இருப்பதை ஒலி அலையால் காட்டும் சோனார் திரையில் நம் லூர் ஒரு கோடாகத் தெரியும். கீழேயிருந்து இன்னொரு கோடு கிளம்பி அதன் பின்னாலேயே வரும். அந்த நேரத்தில் கை தானாக நிற்கப் பார்க்கும், நிற்கக்கூடாது. பயந்த மீன் நின்று கொடுக்காது இல்லையா? வேகத்தைக் கூட்டினால்தான் பின்னால் வருவது பாயும்.

"இதுல நம்ம விரால் மாட்டுமா?" என்றான் தம்பி. அதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறேன்.

புதன், ஊர்

திருப்பத்தூர் தாண்டி சிங்கம்புணரி போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். பெயரைப் போட வேண்டாம் என்று தம்பியின் கண்டிப்பான உத்தரவு. போட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மதுரையிலிருந்து பத்து பைக் வந்து நிற்கும் என்கிறான். அவன் சொல்வது சரிதான்.

காலையில் முதல் வேலையாகச் சித்தப்பா டீக்கடைக்குக் கூட்டிப்போனார். கண்மாயின் மீன்பாசிக் குத்தகையை எடுத்திருப்பவர் அங்கேதான் இருப்பார். கரையோரம் நின்று சும்மா தூண்டில் போடுவதை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. ஆனாலும் பணம் கட்டிக் குஞ்சு வாங்கி விட்டவர் ஒருவர் இருக்கும்போது கேட்டுவிட்டு இறங்குவதுதான் முறை.

"கனடாவுலேருந்து வந்து நம்ம கண்மாயில என்னம்மா பிடிக்கப் போறீங்க?"

"விரால்தாண்ணே."

"கட்லா, ரோகு நான் விட்டது, அதுல கை வைக்காதீங்க. விரால் தானா வளர்றது. வீட்டுக்கு வேணுங்கிறத எடுத்துக்கங்க."

கட்லாவும் ரோகுவும் ரப்பர் மீனைத் திரும்பிக்கூடப் பார்க்காது, அதனால் வாக்குக் கொடுப்பதில் எனக்குச் சிரமம் இல்லை. ஒன்டாரியோவில் இதே வேலைக்கு அட்டை வாங்கி, உரிமம் வாங்கி, எந்த ஏரியில் எந்த மாதம் எத்தனை மீன் என்று புத்தகம் பார்க்க வேண்டும். இங்கே ஒரு டீயில் முடிந்தது. எது உசத்தி என்று சொல்ல மாட்டேன். அங்கே கேட்காமல் பிடித்தால் அபராதம், இங்கே கேட்காமல் பிடித்தால் சித்தப்பாவுக்குத் தலைகுனிவு.

பங்குனி என்பதால் கண்மாய் பாதிக்கு மேல் வற்றிவிட்டது. உள்வாய்ப் பக்கம் வெடித்த தரை, மாடு மேய்கிறது. கரையை ஒட்டி மட்டும் தண்ணீர். அதிலும் மடைப் பக்கம் ஆளுயரம் இருக்கலாம், மற்ற இடமெல்லாம் இடுப்புதான். நடுவில் நாட்டுக் கருவேல மரங்கள் காலை நனைத்துக்கொண்டு நிற்கின்றன. ஓரமெல்லாம் அல்லி, அதற்கு உள்ளே வேலம்பாசி, கலுங்குப் பக்கம் கோரை.

ஈயத்தலை போட்ட எட்டு அங்குலத்தை ஒரு தடவை வீசிப் பார்த்தேன். தொப்பென்று விழுந்து சேற்றில் உட்கார்ந்தது. இழுத்தால் ஒரு கூடை வேலம்பாசி. நூறு அடி ஆழத்தில் மீனைத் தேடிப் போகச் செய்த எடைக்கு இடுப்பளவு தண்ணீரில் என்ன வேலை? ஈயத்தலைகள் அத்தனையும் பெட்டிக்குள் போயின. மூன்று கொக்கி முள் தொங்கும் கட்டைமீன் லூரும் அப்படியே. அல்லித் தண்டு ஒன்றுவிடாமல் அதில் மாட்டும்.

தம்பி வைத்திருப்பது ரப்பர்த் தவளை. உள்ளே வெற்றிடம், முதுகை ஒட்டி மேல்நோக்கி இரண்டு முள். இலை மேல் விழுந்தாலும் சிக்காமல் தாவித் தாவி வரும். மீன் கவ்வும்போது தவளையின் உடம்பு அமுங்கி முள் வெளியே தெரியும். அவனுடைய கண்தான் எனக்கு ஆச்சரியம். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நிற்பான். எங்கேயோ ஒரு "ப்ளக்". விரால் மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுப் போகிற சத்தம் அது. செவுளில் மட்டும் மூச்சு விட்டு விரால் உயிர் வாழ முடியாது. தலைக்குள் செவுளுக்கு மேலே காற்றைப் பிடித்துவைக்க ஓர் அறை உண்டு. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மேலே வந்தே ஆக வேண்டும். வந்த இடத்தில் போடாமல், அது முகம் திருப்பிப் போன திசையில் நாலு அடி தள்ளிப் போடுவான்.

அங்கே சோனாருக்கு நான் கொடுத்த காசை நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அல்லி நடுவே இவன் தவளையை நிறுத்தி ஒரு துடி கொடுத்தான். இலைகள் விலகின. பெரிய சத்தம். உடனே சுண்டவில்லை. ஒரு மூச்சு விட்டு, நரம்பு நகர ஆரம்பித்ததும் ஓங்கி இழுத்தான். முக்கால் கிலோ விரால். இன்றைக்கு எனக்கு ஒன்றும் இல்லை, ரப்பர் மீனின் வாலை ஒரு குறவை கடித்துவிட்டுப் போனதோடு சரி.

வியாழன், கானாடுகாத்தான்

மீனுக்கு விடுமுறை. சித்தி, அப்பத்தா எல்லோரோடும் கார் எடுத்துக்கொண்டு சுற்றல். பிள்ளையார்பட்டியில் கூட்டம். ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சாந்தை ஊற்றிக் கல் போடுவதைப் பார்த்தோம். சூளை கிடையாது, தண்ணீரில் ஊறவைத்து வெயிலில் காயவைப்பதோடு சரி. அந்தக் கண்ணாடிதான் கல்லுக்குப் பளபளப்பைக் கொடுக்கிறது.

கானாடுகாத்தானில் எல்லோரும் பர்மாத் தேக்குத் தூணைப் படமெடுக்கும்போது நான் ஓட்டைத்தான் பார்த்தேன். நாலு பக்கக் கூரையும் வளவுக்குள் சாய்ந்து, விழும் மழை முழுக்க முற்றத்தில் இறங்குகிறது. வீட்டுத் தேவைக்குப் பிடித்தது போக மிச்சம் தெரு வாய்க்கால் வழியாக ஊரணிக்குப் போகிற ஏற்பாடு. வற்றாத ஆறு இல்லாத சீமை இது. இங்கே தண்ணீர் என்றால் யாரோ வெட்டி, யாரோ கரை கட்டி, யாரோ காவல் காத்த தண்ணீர்தான். குடிதண்ணீர் ஊரணியில் காலை நனைத்தாலே சத்தம் போடுவார்கள், தூண்டிலைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

வெள்ளி, மடை

விடிவதற்கு முன்னாலேயே போய்விட்டோம். மடைத்தூண்கள் இரண்டும் தண்ணீரில் நிற்கின்றன. அதை ஒட்டித்தான் கண்மாயிலேயே ஆழமான குழி. தண்ணீர் வற்ற வற்றப் பொடிமீனெல்லாம் அங்கேதான் ஒதுங்கும். பொடி ஒதுங்கினால் விராலும் வரும். இந்தக் கணக்கு ட்ரவுட் ஏரியிலும் ஒன்றுதான். சிஸ்கோ கூட்டம் எங்கேயோ அங்கேதான் லூர்.

ஐந்து அங்குல வெள்ளை ரப்பரில் எடையே இல்லாமல், அகன்ற வளைவு முள் ஒன்றைக் கோத்து, முள்முனையை ரப்பரின் முதுகுக்குள் மறைத்துவிட்டேன். இப்படிச் செய்தால் பாசியில் சிக்காது, மெதுவாக அமிழும். முதுகு தண்ணீருக்கு ஒரு சாண் கீழே இருக்கிற மாதிரி, வால் அடிக்கிற அளவுக்கு மட்டும் மெதுவாகச் சுற்றினேன். தூணைத் தாண்டும்போதெல்லாம் ஒரு நொடி நிறுத்தம். ட்ரவுட்டுக்குச் செய்யக்கூடாத அதே காரியம் இங்கே செய்ய வேண்டியதாக இருக்கிறது. விரால் துரத்துகிற மீன் இல்லை, ஒளிந்திருந்து பாய்கிற மீன். அது பாய இடம் கொடுக்க வேண்டும்.

வெளிச்சம் வந்த பிறகு தூணின் நிழலில் லூர் நின்றபோது கை முட்டி வரை ஓர் அதிர்ச்சி. ட்ரவுட் அடித்தால் ஆழத்தில் தலையை ஆட்டும், அந்தக் கனம் ராடில் தெரியும், கரைக்கு வர நேரம் எடுக்கும். இது அப்படி இல்லை. அடித்த வேகத்தில் நேரே தூணைச் சுற்றப் பார்த்தது. "விடாதீங்கக்கா, விடாதீங்க, தூணுக்குள்ள போயிரும்!" என்று தம்பி கத்த, ஐம்பது பவுண்டு தாங்கும் பிரெய்டு, அதாவது பின்னல் நரம்பு, இருக்கிற தைரியத்தில் ரீலை இறுக்கி அப்படியே இழுத்துவிட்டேன். நளினம் எல்லாம் கிடையாது.

கரையில் போட்டதும்தான் நன்றாகப் பார்த்தேன். கறுத்த முதுகு, வயிறு வெளுப்பு, பக்கவாட்டில் சாய்ந்து இறங்கும் கறுப்புப் பட்டைகள். தட்டையான தலையில் பெரிய செதில்கள். வாய்க்குள் விரல் விட முடியாது, அவ்வளவு பல். ஐந்து அங்குல ரப்பர் முழுசாகத் தொண்டைக்குள் போயிருந்தது, குறடு வைத்துத்தான் எடுத்தோம். ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது. ட்ரவுட்டை ஆழத்திலிருந்து மேலே கொண்டுவந்தால் தானே காற்றை வாய் வழியாக வெளியேற்றும், தண்ணீரில் குமிழ் குமிழாக வரும். திருப்பி விட வேண்டுமென்றால் நீரை விட்டு அதிக நேரம் எடுக்கக்கூடாது. விராலோ ஈரச் சாக்கில் சுற்றி வைத்தால் வீடு போய்ச் சேரும் வரை துள்ளிக்கொண்டுதான் இருக்கும்.

இந்தச் சாமர்த்தியத்துக்காகத்தான் வட அமெரிக்காவில் இதைக் கண்டால் பயம். 2002ல் மேரிலாந்தில் ஒரு குளத்தில் விரால் இனமொன்று பெருகிவிட்டது என்று தெரிந்து, குளத்துக்கே மருந்தடித்துக் கொன்றார்கள். ஒன்டாரியோவில் உயிருள்ள விராலைக் கையில் வைத்திருப்பதே குற்றம். எங்கள் அப்பத்தாவிடம் சொன்னேன். "விராலுக்கா? கிறுக்குப் பயலுக" என்றார்.

திரும்பி வரும் வழியில் கோரை ஓரமாகத் தண்ணீரில் செங்கல் தூளைத் தூவினாற்போல் ஓர் ஆரஞ்சு வட்டம், மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. விரால் குஞ்சுகள். சேர்ந்து மேலே வந்து காற்றைக் குடிக்கும்போது தண்ணீர் கொதிப்பது போல் தெரிந்தது. அடியில் தாயோ தகப்பனோ காவல் இருக்கும். அந்த வட்டத்துக்குள் எதைப் போட்டாலும் கோபத்தில் அடிக்கும், பசி தேவையில்லை. தம்பி தவளையை எடுத்தான். வேண்டாம் என்றேன்.

"ஊர்ல எல்லாரும் அப்படித்தாங்கா பிடிப்பாங்க. கண்மாய் வத்தப் போகுது, நாம பிடிக்காட்டி கொக்கு தின்னும்."

"கொக்கு தாயைத் தின்னாதுடா. தாயைத் தூக்கிட்டா இந்தக் கூட்டம் சாயங்காலத்துக்குள்ள கெண்டைக்கும் கெளுத்திக்கும் இரை."

ட்ரவுட்டுக்கு இந்தப் பாசமெல்லாம் கிடையாது. இலையுதிர் காலத்தில் பாறைத் திட்டுகளில் முட்டையைக் கல் இடுக்கில் விட்டுவிட்டுப் போய்விடும். அதனால் அங்கே சண்டை மீன்பிடி காலத்தைப் பற்றி, இங்கே இந்தக் குஞ்சு வட்டத்தைப் பற்றி. தம்பிக்கு நான் சொன்னது முழுக்க ஒப்பவில்லை, என் ஊர்ச் சட்டம் பேசுகிறேன் என்று நினைக்கிறான். இருந்தாலும் தவளையைப் பையில் போட்டுவிட்டான்.

வீட்டில் இன்னொரு சிக்கல். வெள்ளிக்கிழமை, கவுச்சி ஆகாது. மீனை அண்டாவில் கொஞ்சம் தண்ணீர் விட்டு மேலே பலகை போட்டு, பலகை மேல் அம்மிக் குழவியை வைத்தார் சித்தி. குழவி இல்லாவிட்டால் ராத்திரி அண்டாவைத் தாண்டிக் குதித்துத் தோட்டத்துக்குப் போய்விடுமாம்.

சனி, அடுப்படி

உயிரோடுதான் இருந்தது. அப்பத்தா அடுப்புச் சாம்பலை அள்ளிக் கையிலும் மீனிலும் பூசி, வழுவழுப்பு போகக் கல்லில் தேய்த்தார். பிறகு உப்பு, மறுபடி கல். தோல் வெளுக்கும் வரை விடவில்லை. மண்சட்டியில் நல்லெண்ணெய், வெந்தயம், உரித்த சின்ன வெங்காயம் முழுசு முழுசாக, பூண்டு, தக்காளி. புளிக்கரைசலும் அரைத்த மசாலாவும் கொதித்துச் சுண்டி எண்ணெய் மேலே வந்த பிறகுதான் மீன். அதற்குப் பிறகு கரண்டி போடக்கூடாது, சட்டியைத் துணியால் பிடித்துச் சுழற்ற வேண்டும்.

"அங்க பிடிக்கிற மீனுலயும் குழம்பு வப்பியாத்தா?"

வைத்துப் பார்த்திருக்கிறேன். ட்ரவுட் கொழுப்பு மீன், புளியோடு சேராது. புகை போட்டால்தான் ருசி. பெரியதைச் சாப்பிடுவதும் இல்லை, வயதான மீனில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்று மாதத்துக்கு எத்தனை வேளை தின்னலாம் என அரசாங்கமே பட்டியல் போட்டிருக்கிறது. பெரிய லூர் போட்டுப் பெரிய மீனைப் பிடித்து, படம் எடுத்து, திருப்பி விட்டுவிடுவோம் என்றேன். அப்பத்தா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அதுக்கு எதுக்கு அம்புட்டுத் தூரம் போற?" என்று கேட்டுவிட்டு இன்னொரு துண்டு வைத்தார். நடுத்துண்டு.

ஞாயிறு, மீன்பிடித் திருவிழா

பக்கத்து ஊர்க் கண்மாயில் இன்று மீன்பிடி. தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் ஊருக்குத் திறந்துவிடுவார்கள். ஆறு மணிக்கே கரை முழுக்க ஆள். ஆண், பெண், பிள்ளைகள், ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் அளவுக்கு டாடா ஏஸில் வந்து இறங்கினவர்கள். கையில் கச்சா வலை, பரி, கொசுவலை, சேலை, அப்புறம் ஊத்தா. பெரியவர்கள் சாமி கும்பிட்டுவிட்டுக் கரைமேல் ஏறி வெள்ளைத் துண்டை வீசியதுதான் தாமதம், மொத்தக் கரையும் ஒரே நேரத்தில் தண்ணீருக்குள் இறங்கியது.

சித்தப்பா எனக்கு ஓர் ஊத்தா கொடுத்தார். மூங்கில் குச்சிகளை வரிசையாகக் கட்டிய கூடை. அடி அகலம், மேல் குறுகல், இரண்டு பக்கமும் திறப்பு. கலங்கின தண்ணீரில் எதையும் பார்க்க முடியாது. நடந்துகொண்டே குத்த வேண்டும், அவ்வளவுதான். உள்ளே மீன் அகப்பட்டால் குச்சியில் தட்டும். அந்தத் தட்டு உள்ளங்கைக்கு வரும். உடனே ஊத்தாவை நெஞ்சால் அழுத்திக்கொண்டு மேல் வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவ வேண்டும். "கெளுத்தின்னா கைய எடுத்துரு, முள்ளு ஏறிரும்" என்று சித்தப்பா தூரத்திலிருந்து சொல்கிறார். கையை விடாமல் கெளுத்தியா விராலா என்று எப்படித் தெரியும் என்று கேட்க நேரமில்லை.

சேறு கலங்கக் கலங்க, மற்ற மீன்கள் மயங்கி மேலே மிதக்கின்றன. விரால் மட்டும் சேற்றுக்குள் தலையைச் செருகிக்கொள்கிறது. அனுபவசாலிகள் காலால் தடவியே கண்டுபிடிக்கிறார்கள். எனக்கு அகப்பட்டது ஜிலேபிக் கெண்டைகளும் இரண்டு கை கொள்ளாத ஒரு குறவையும். பக்கத்தில் ஒரு பாட்டி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மூன்று கிலோ தேறும் விராலைச் செவுளில் விரல் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போனார். இன்றைக்குக் கிடைத்ததை விற்கக்கூடாது, வீட்டுச் சட்டிக்குத்தான் என்பது இந்த ஊர்க் கட்டுப்பாடு. இப்படிப் பிடித்து உண்டால் அடுத்த மழை நன்றாகப் பெய்யும் என்பது நம்பிக்கை. ஒன்டாரியோவில் ட்ரவுட் ஏரியில் ஊத்தாவோடு இறங்கினால் அடுத்து வருவது மழை இல்லை, மீன்வளத் துறை.

மத்தியானம் சேறு காய்ந்த காலோடு திண்ணையில் உட்கார்ந்து தம்பி லூர்ப் பெட்டியைக் கொட்டினான். அவனுக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ஐந்து அங்குல வெள்ளை ரப்பர் பாக்கெட்டுகள் அத்தனையும் அவன் பக்கம் போயின. அகன்ற வளைவு முள்ளும் போயிற்று. ஈயத்தலை ஒன்றைக் கையில் எடைபோட்டுப் பார்த்து, வலையில் கட்டலாம் என்று சித்தப்பாவிடம் கொடுத்தான். எட்டு அங்குலத்தை மட்டும் துடைத்துத் திரும்பப் பெட்டியில் வைத்தான்.

"இது உங்களுக்கே இருக்கட்டும்க்கா. மடைக்கு அஞ்சு அங்குலம் போதும், அல்லிக்குத் தவளை போதும். அடுத்த தடவை ஆறு அங்குலத்துல கெண்டைக் கலர் கிடைச்சா ரெண்டு பாக்கெட் வாங்கிட்டு வாங்க. முள்ளு நாலு நம்பர்."

எழுதி வைத்துக்கொண்டேன். ஏப்ரல் கடைசியில் ஒன்டாரியோவின் அல்கோன்குவின் பூங்கா பக்கம் ஏரிகளில் ஐஸ் உருகினால் ட்ரவுட் கொஞ்ச நாள் கரையோரம், ஆழம் குறைந்த தண்ணீரிலேயே திரியும். அங்கே எடையில்லாத ஐந்து அங்குலத்தை இதே மாதிரி நிறுத்தி நிறுத்தி இழுத்துப் பார்க்க வேண்டும். இருந்ததையெல்லாம் இவன் எடுத்துக்கொண்டதால் போனதும் முதலில் கடைக்குத்தான் போக வேண்டும்.